அன்று வீடு வளர்த்தது, இன்று நாம் வளர்க்கிறோம்

எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், நடுத்தரக் குடும்பத்து வீடுகளில் வண்ண இலைச் செடிகளுக்கு வழக்கமாக இரண்டு இடங்கள் இருந்தன. வாசற்படிக்கு இரு பக்கமும் சிமெண்ட் தொட்டியில் குரோட்டன்ஸ். கூடத்து ஜன்னலிலோ ஷோகேஸின் மேலோ ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட். ஃபியூஸ் போன குண்டு பல்பின் வாயைப் பக்குவமாகத் திறந்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, ஒரு கணுவைச் செருகி ஆணியில் மாட்டியவர்களும் உண்டு. இவற்றைப் பராமரிப்பதென்று தனியாக ஒரு வேலை இருந்ததாக யாருக்கும் நினைவிருக்காது. வாசல் தெளித்து மிஞ்சிய தண்ணீர் குரோட்டன்ஸுக்குப் போனது. பாட்டிலில் பாசி பிடித்தால் கழுவித் தண்ணீரை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

இன்று அதே ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஐந்தாவது மாடிக் கூடம். மான்ஸ்டெரா ஆல்போ, பிங்க் பிரின்சஸ், கலாத்தியா, மார்பிள் குயின் என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்தப்படும் செடிகள். தொட்டியின் நடுவே பாசி சுற்றிய கம்பம், தலைக்கு மேலே எல்இடி விளக்கு, சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி, அலமாரியில் பெர்லைட், ஆர்க்கிட் பட்டை, கோகோபீட் பொட்டலங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளைக் கைபேசி நினைவூட்டுகிறது. அன்று வீட்டில் கிடந்த செடி இன்று வீட்டில் வளர்க்கப்படுகிறது.

செடியின் இயல்பு இதற்கிடையில் மாறிவிடவில்லை. மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், அக்லோனிமா, டிஃபன்பேக்கியா எல்லாம் ஒரே குடும்பம். நம் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அந்தக் குடும்பம்தான். கருணை தொண்டையில் காறுவதற்குக் காரணமான கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இந்த அலங்காரச் செடிகளின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. இலையைக் கடித்த குழந்தைக்கு வாய் எரிவதும் அதனால்தான். இவற்றில் பல, மழைக்காட்டில் பெரிய மரங்களின் அடியில் வடிகட்டிய வெயிலில், ஈரக் காற்றில், மட்கிய இலைக் குப்பையில் வேர்விட்டு மரத்தைப் பற்றி ஏறுபவை. அன்றும் அவை கேட்டது அதைத்தான். இன்றும் கேட்பது அதைத்தான். மாறியது வீடு.

அன்றைய வீட்டில் முற்றம் இருந்தது. முற்றம் இல்லாத வீட்டில் தாழ்வாரமோ, வராந்தாவோ, கிணற்றடியோ இருந்தது. உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். நேர் வெயில் படாத திறந்த தாழ்வாரத்தில்கூடச் சில ஆயிரம் முதல் பத்தாயிரம் லக்ஸ் வரை கிடைக்கும். மழைக்காட்டுக் கொடிக்கு அது தாராளம். இன்றைய அடுக்ககத்தில் பால்கனிக் கண்ணாடிக்கு அருகே ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ் கிடைத்தால் நல்ல வீடு. பத்தடி உள்ளே, சோபாவுக்குப் பக்கத்து மூலையில், அது நூறு இருநூறாகச் சுருங்கிவிடும். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த மூலை நமக்கு வெளிச்சமாகவே தோன்றுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தும் என்றாலும், இரு வண்ண இலைச் செடியிடம் இதன் விளைவு சீக்கிரம் தெரிந்துவிடும். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. உணவு சமைக்கும் வேலை மிச்சமிருக்கும் பச்சையின் தலையில் விழுகிறது. பாதி வெள்ளையான இலை, முழுப் பச்சை இலைக்கு இணையாகச் சம்பாதிக்க வேண்டுமானால் அதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கூடி நேர் வெயிலானாலோ, முதலில் கருகுவதும் அதே வெள்ளைப் பகுதிதான். எனவே இந்தச் செடிகளுக்கு இசைவான இடம் குறுகலானது: கண்ணாடிக்குப் பக்கத்தில், வெயில் கோட்டுக்கு உள்ளே. அன்று தாழ்வாரத்தின் எந்த மூலையும் அப்படிப்பட்ட இடமாக இருந்தது. இன்று வீட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காதவர் விளக்கு வாங்குகிறார். 20 வாட் விளக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏழு யூனிட் மின்சாரம். முற்றத்தின் வெயிலுக்கு ரசீது வந்ததில்லை.

இலையில் இரு நிறம் எப்படி வந்தது என்பது அன்று யாருக்கும் கேள்வியாக இருக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்தால் மணி பிளான்டில் மஞ்சள் கூடும், இருட்டில் வைத்தால் வெறும் பச்சையாகும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. குரோட்டன்ஸை வெயிலில் வைத்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஏறும் என்பதும் தெரியும். அந்த அறிவு போதுமானதாகவும் இருந்தது. இன்று வளர்ப்பவர்களுக்கு அதைவிட அதிகம் தெரிகிறது. கலாத்தியா, அக்லோனிமா, கலாடியம் ஆகியவற்றின் கோலம் மரபணுவிலேயே எழுதப்பட்டது. எந்தத் துண்டிலிருந்து வளர்த்தாலும் அது மாறாமல் வரும். மான்ஸ்டெரா ஆல்போவின் வெள்ளை வேறு வகை. வளர்முனையில் ஏதோ ஓர் உயிரணு பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்து, அதன் வழிவந்த உயிரணுக்களும் வெள்ளையாகவே பெருகுகின்றன. ஒரே செடிக்குள் இரண்டு விதமான திசுக்கள் அக்கம்பக்கமாக வளர்கின்றன.

இதை அறிந்தவர் செடி வாங்கும்போது இலையைவிடத் தண்டைத்தான் உற்றுப் பார்க்கிறார். ஆல்போவின் தண்டில் பச்சைப் பட்டைக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும். கணுவில், இலைக்காம்பு விட்ட வடுவுக்கு மேலே, அரிசியளவில் ஒரு மொட்டு புடைத்திருக்கும். வெள்ளைக் கோடும் பச்சையும் அந்த மொட்டின் மேலேயே கலந்து ஓடினால் அடுத்த தளிர் இரு நிறத்தில் வர வாய்ப்புண்டு. மொட்டு முழுதும் பச்சையில் அமைந்திருந்தால் சாதாரண மான்ஸ்டெரா வரும். முழுதும் வெள்ளையில் அமைந்திருந்தால் வெண்ணெய் நிறத்தில் மிக அழகான தளிர் வரும். தனக்கென்று உணவு தயாரிக்க முடியாத அந்தத் தளிர், தாய்ச்செடியிலிருந்து பிரிக்கப்பட்டால் பிழைக்காது. அழகு கூடக் கூட ஆயுள் குறையும் செடி இது.

பச்சைக்குத் திரும்பிய கொடியை என்ன செய்வது என்பதிலும் அன்றுக்கும் இன்றுக்கும் வேறுபாடு உண்டு. அன்று அப்படியே விட்டார்கள். பச்சைக் கிளைக்கு வலு அதிகம், அது வேகமாக வளர்ந்து வண்ணக் கிளையை மூடிவிடும். சில ஆண்டுகளில் வீட்டில் இருப்பது வெறும் பச்சைச் செடியாகிவிடும். யாரும் கவலைப்படவில்லை. இன்று, கடைசியாக இரு நிறம் காட்டிய இலையின் கணு வரை பின்னோக்கி வெட்டிவிடுகிறார்கள். செடிக்கு இது கொஞ்சம் பின்னடைவு. ஆனால் நிறம் தங்குகிறது. பாம்புச் செடியிலும் இதே பாடம் உண்டு. மஞ்சள் விளிம்புள்ள அதன் இலையைத் துண்டாக்கி நட்டால் புதுச்செடி வரும், மஞ்சள் விளிம்பு வராது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் விளிம்பும் கூடவே வரும். நம் ஊர் வேலியோரத்து மருள் இதன் நெருங்கிய உறவு. நாருக்காக வெட்டப்பட்ட அதன் இலையின் நிறத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

இந்த அலங்காரச் செடிகள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் மாறியிருக்கிறது. குரோட்டன்ஸின் தாயகம் மலேசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை. மணி பிளான்ட், தாஹிட்டிக்குப் பக்கத்தில் உள்ள மூரியா என்ற சிறு தீவைச் சேர்ந்தது. மான்ஸ்டெரா மெக்சிகோவின் தென்பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் வளர்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றப்பட்ட செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றில் செத்துப்போயின. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829 வாக்கில் மூடிய கண்ணாடிக் குடுவையில் ஒரு பெரணி தானே முளைத்து வாழ்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி 1833-இல் சிட்னிக்குச் செடிகளை உயிரோடு கொண்டுபோனது. மாதக்கணக்கான பயணத்தில் செடிகள் பிழைத்தன. அதன்பின் வெப்பமண்டலத்தின் வண்ண இலைகள் ஐரோப்பியக் கூடங்களுக்கும், அங்கிருந்து காலனி நகரங்களின் தோட்டங்களுக்கும் பரவின. சென்னையில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் முயற்சியில் 1835-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. பங்களா வராந்தாக்களில் வரிசை கட்டி நின்ற தொட்டிகள், ஓரிரு தலைமுறையில் அரசு அலுவலக வாசலுக்கும், பள்ளிக்கூட முகப்புக்கும், நம் வீட்டுப் படிக்கட்டுக்கும் வந்தன. இன்று தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் விமானத்தில் வருகின்றன. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், நோய்ப்பூச்சி இல்லையென்ற சான்றிதழும் அவற்றுக்கு வேண்டும். ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகே உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை தனி.

மண்ணை எடுத்துக்கொள்வோம். அன்றைய கணக்கு எளிது: செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. தொட்டி சுட்ட மண்ணாலானது. அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து காயும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாலும் மன்னித்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரும், மீன் கழுவிய தண்ணீரும், டீத்தூள் சக்கையும் உரம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றியவர்கள் அக்கறையுள்ளவர்கள். இன்று ஆற்று மணல் எளிதில் கிடைப்பதில்லை, ஐந்தாவது மாடிக்குச் செம்மண் மூட்டையைத் தூக்குவதும் நடப்பதில்லை. கோகோபீட், பெர்லைட், ஆர்க்கிட் பட்டை, கொஞ்சம் மண்புழு உரம் என்று கலவை எடை குறைந்துவிட்டது. மாதம் ஒருமுறை 19:19:19 உரத்தைக் கரைத்து, பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவுக்கு ஊற்றுகிறார்கள்.

இந்தக் கலவையில் நமக்குப் பெருமைப்பட ஒரு பங்கு உண்டு. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் கயிற்று நார் எடுத்தபின் மிஞ்சும் தென்னை நார்க்கழிவு ஒரு காலத்தில் சாலையோரக் குவியலாகக் கிடந்தது. சீக்கிரம் மட்காது, எரித்தால் புகையும், வயலில் நேரடியாகப் போட்டால் பயிருக்கு ஆகாது. எங்கே கொட்டுவதென்று தெரியாமல் ஆலைக்காரர்கள் திண்டாடினார்கள். இன்று அதே தூள் கழுவி, உலர்த்தி, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டு நெதர்லாந்தின் பசுமைக்குடில் வரை போகிறது. லண்டனில் ஒருவர் ஜன்னலோரம் வைத்திருக்கும் மான்ஸ்டெராவின் வேரைச் சுற்றி இருப்பது கொங்கு நாட்டுத் தென்னையாக இருக்கலாம். உப்பு நீங்க அதைக் கழுவும் தண்ணீர் நிலத்தடி நீரைப் பழுப்பாக்குகிறது என்ற குறை அந்த வட்டாரத்தில் இருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழிவு பொருளாயிற்று. அதன் கறை வேறு இடத்துக்குப் போயிற்று.

தண்ணீரின் கதையும் அப்படியே. அன்று கிணற்றுத் தண்ணீர் வாளியில் வந்தது. மழைக்காலத்தில் தொட்டிகள் தாமாக நனைந்தன. மண்ணில் தேங்கிய உப்பை மழை அலசிவிட்டது. இன்று கூடத்துக்குள் மழை வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுகிறது. கலாத்தியாவின் இலை நுனி பழுப்பாகிக் காகிதம்போல் மொடமொடக்கிறது. ஆர்ஓ கருவியின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வீடுகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த நீரில் உப்பு ஏற்கெனவே செறிந்திருக்கிறது. மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுவதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறையில் வைத்து நல்ல தண்ணீரால் அலசிவிடுவதும் இன்றைய வழிகள். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிதான் இன்று செடியைக் கொல்லும் பெரிய காரணம். அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று மறுபடியும் ஊற்றுவார்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்பது எந்தக் கருவியைவிடவும் நம்பகமானது.

காற்றும் மாறிவிட்டது. கடலோர ஊர்களின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். மழைக்காட்டுச் செடிக்கு அது பிறந்த வீடு. ஏசி அறையில் அது ஐம்பதுக்குக் கீழே இறங்கும். வறண்ட, அசையாத, மூடிய காற்றில் செம்பேன் பெருகும். இலையின் அடியில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளும், காம்பு சேரும் இடத்தில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அதுதான். மாவுப்பூச்சி கணு இடுக்கில் பஞ்சாக ஒட்டியிருக்கும். அன்று முற்றத்துச் செடிக்கும் இவை வந்தன. மழை அடித்துக்கொண்டு போயிற்று, பொறிவண்டும் சிலந்தியும் மீதியைத் தின்றன. இன்று அந்த வேலையை ஈரத்துணியும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், சில துளி சோப்புக் கரைசலும் செய்கின்றன. அதை நினைவாகச் செய்ய ஓர் ஆளும் வேண்டும்.

பாசிக் கம்பத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். பாட்டிலில் உள்ளங்கை அகலத்துக்கு இலைவிட்ட மணி பிளான்ட், கொல்லைத் தென்னையில் ஏறினால் முழ நீளத்துக்கு இலைவிடும். இலையின் ஓரம் கிழிந்து ஓட்டை விழும். இரண்டும் ஒரே செடி என்று பலர் நம்ப மறுப்பார்கள். பற்றி ஏற மரம் கிடைத்தால்தான் இவை முதிர்ந்த இலை விடும். அன்று மரம் இருந்தது. இன்று அதற்குப் பதிலாக ஸ்பேக்னம் பாசி அடைத்த மூன்றடிக் கம்பத்தை வாங்கி, அது காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம்.

மிகப் பெரிய மாற்றம் கைமாறுவதில் நடந்தது. மணி பிளான்டைக் கேட்டு வாங்கினால் வளராது, தெரியாமல் கிள்ளிக்கொண்டு வந்தால்தான் வளரும் என்பது அன்றைய நம்பிக்கை. பறிகொடுத்த வீட்டுக்காரருக்கும் அந்த நம்பிக்கை தெரியும். வந்தவர் போகும்போது ஜன்னலோரம் சற்றுத் தாமதித்தால் அவர் உள்ளே போய்விடுவார். இப்படியே ஒரு கொடி தெரு முழுக்கப் பரவியது. யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் இழக்கவுமில்லை. இதற்கு இன்றைய அறிவியல் சொல்லும் பின்னணி வியப்பானது. மணி பிளான்ட் தானாகப் பூப்பது அனேகமாக இல்லை. பூக்கத் தேவையான ஜிப்பெரலின் என்ற வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூவில்லை, எனவே விதையில்லை. நாம் காணும் மணி பிளான்ட் எல்லாம் யாரோ ஒருவர் இன்னொருவருக்குக் கிள்ளிக் கொடுத்த, அல்லது கிள்ளவிட்ட, துண்டுகளின் தொடர்ச்சி.

இன்று துண்டுக்கு விலை உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் செடிகளைத் தேடியபோது அந்த விலை ஏறியது. 2021 ஜூனில் நியூசிலாந்தில் வெள்ளை படர்ந்த ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்ற செடி ஒன்று, ஒன்பது இலைகளோடு, 27,100 நியூசிலாந்து டாலருக்கு இணைய ஏலத்தில் போனது. நம் பணத்தில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். ஏமாற்றும் கூடவே வந்தது. பிங்க் காங்கோ என்று விற்கப்பட்ட ஃபிலோடெண்ட்ரானின் இளஞ்சிவப்பு, வேதிப்பொருளால் வரவழைத்தது. வாங்கியவர் வீட்டில் சில மாதத்தில் இலைகள் பச்சையாயின. நம் நாட்டில் கண்டெடுக்கப்பட்ட மஞ்சுளா என்ற மணி பிளான்ட் வகைக்கு அமெரிக்கத் தாவரக் காப்புரிமை இருக்கிறது. அனுமதியின்றி அதை அங்கே போத்து வைத்துப் பெருக்குவது உரிமை மீறல். கிள்ளிக்கொண்டு வந்தால்தான் வளரும் என்று சொன்ன செடிக்கு வந்த காலம் இது.

அந்த விலையை இறக்கியது மறுபடியும் ஒரு பாட்டில்தான், இம்முறை ஆய்வகத்தில். 1962-இல் முராஷிகே, ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் வகுத்த ஊட்டக் கரைசலை ஒட்டி, கிருமி நீக்கிய குடுவையில் ஒரு துளி வளர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் எடுக்கிறார்கள். தாய்லாந்து ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவான தாய் கான்ஸ்டலேஷன் மான்ஸ்டெராவின் வெண்புள்ளிகள் தலைமுறை மாறியும் நிலைத்திருப்பதால் அதைப் பெருக்க முடிகிறது. ஆல்போவின் கலந்த திசு குடுவையில் பிரிந்துபோகக்கூடும் என்பதால் அதற்கு நம்பகமான வழி கத்தியும் கணுவும்தான். ஆனாலும் ஒரு காலத்தில் செல்வந்தர் வீட்டுக் கண்ணாடிக் கூடத்தில் மட்டும் இருந்த செடி இன்று மாதச் சம்பளக்காரர் பால்கனியில் இருக்கிறது. இதை இழப்பென்று யாரும் சொல்ல முடியாது.

எதற்காக வளர்க்கிறோம் என்பதற்குச் சொல்லும் காரணமும் மாறியிருக்கிறது. அன்று மணி பிளான்ட் வைத்தால் பணம் வரும் என்றார்கள். இன்று காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு. அது மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. 2019-இல் வெளிவந்த மறு ஆய்வு, திறந்த ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. பணமும் வரவில்லை, காற்றும் சுத்தமாகவில்லை. செடி மட்டும் அழகாக இருக்கிறது. வளர்ப்பதற்கு அந்தக் காரணமே போதும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒருபக்கமாகச் சாயவில்லை. இலை ஏன் வெளுக்கிறது, வேர் ஏன் அழுகுகிறது, எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று அன்றைய தோட்டக்காரருக்குத் தெரியாதவை இன்று பள்ளி மாணவிக்கும் தெரிகின்றன. மண்ணில்லாத வீட்டில், வெயில் எட்டாத கூடத்தில், இத்தனை செடிகள் உயிரோடிருப்பதே இந்த அறிவால்தான். போனது அந்த அலட்சியத்துக்கான உரிமை. ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் செடி பிழைத்திருந்தது, ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்தது. முற்றமும் மழையும் பொறிவண்டும் தென்னை மரமும் அந்த அக்காவும் சேர்ந்து பார்த்துக்கொண்ட ஒன்றை, இன்று ஒருவர் தனியாக, கருவிகளின் துணையோடு பார்த்துக்கொள்கிறார்.

முற்றத்தைத் திரும்பக் கட்ட முடியாது. செய்யக்கூடியது வேறு உண்டு. செடியைச் சோபா மூலையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு மூன்றடிக்குள் வையுங்கள். ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். பச்சைக்குத் திரும்பிய கொடியைத் தயங்காமல் வெட்டுங்கள். வெட்டியதை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ வீசாதீர்கள். இலங்கையின் காடுகளில் மணி பிளான்ட் படர்ந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குவது இப்படி வீசியெறிந்த துண்டுகளாலும்தான். இரு கணு உள்ள துண்டாக நறுக்கித் தண்ணீரில் போடுங்கள், சில வாரங்களில் வேர் விடும். அதை எதிர் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.